பிடிபட்டவனின் வாய்

எதிரி பிடிபட்டுவிட்டான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. சுற்றி நிற்கும் நாலு பேரில் ஒருவன் கேட்கிறான்: "உன் எஜமான் எங்கே?" இந்த இடத்தில் ஒரு நாவலாசிரியன் அடுத்த வரியை எழுதிவிட்டு மேலே போய்விடலாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திர ஆட்டத்தில் அது முடியாது. கேள்வி கேட்டவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதை அவனே தீர்மானிக்கப் போகிறான். பதில் சொல்ல வேண்டியவர் நடுவர். அவர் என்ன சொல்ல வேண்டும், எதைக் கொண்டு அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது வெறும் ஆட்ட நுணுக்கமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. இது தார்மீகப் பிரச்னை என்பதும், சிருஷ்டி என்ற காரியத்தில் கை வைக்கிற எவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம்.

ஆட்டத்தோடு பரிச்சயம் இல்லாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆடுபவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். நடுவர் மட்டும் தனக்கென்று ஒரு பாத்திரம் இல்லாமல், மிச்சம் எல்லாமாகவும் இருக்கிறார் — ஊர், மழை, சத்திரக்காரன், எதிரி. ஆடுபவன் தன் பாத்திரம் செய்வதைச் சொல்கிறான். விளைவை நடுவர் சொல்கிறார். சந்தேகமான இடங்களில் பகடை உருளுகிறது. எழுதி வைத்த முடிவு கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நீள்வதுண்டு.

நடுவர் என்ற இந்த ஆசாமியின் பூர்வீகம் ராணுவம். பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட போர் விளையாட்டில், இரு தரப்புத் தளபதிகளுக்கும் தத்தம் படையின் கண்ணுக்கு எட்டியது மட்டுமே தெரியும்; முழுக் களமும் தெரிந்தவர் நடுவர் ஒருவர்தான். 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று வாதாடினார். 1969-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்தில், படைகளை நகர்த்துவதற்குப் பதில் ஆளுக்கொரு மனிதனாக ஆடினார்கள். அதில் ஆடிய டேவ் ஆர்னஸன் தன் 'பிளாக்மூர்' உலகத்தை உண்டாக்கினார். விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்த கேரி கைகாக்ஸோடு சேர்ந்து, 1974-ல் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. அவற்றிலும் இவருக்கு 'ரெஃப்ரி' என்றே பெயர். 'டஞ்ஜன் மாஸ்டர்' என்ற பட்டம் பிற்பாடு வந்தது.

ஆக, நடுவர் பிறவியிலேயே செய்தியின் சொந்தக்காரர். யாருக்கு எது எப்போது தெரியலாம் என்பதே அவருடைய ஆதி வேலை. ஆனால் 1974-ன் புத்தகங்கள் இந்தப் பழைய வேலையில் புதிதாக ஒரு மனோபாவத்தைக் கலந்தன. பாத்திரம் வளர்வது கொன்ற பிராணிகளாலும், அதைவிட முக்கியமாக, கொண்டுவந்த தங்கத்தாலும். அடக்கிப் பிடித்த டிராகனை விற்கக்கூட அங்கே விதி இருந்தது. இந்தச் சூழலில் கைதியின் செய்தியும் ஒரு பொக்கிஷமாகிவிடுவது இயல்பு. பெட்டியை உடைத்தால் தங்கம். ஆளை உடைத்தால் செய்தி. கூடவே ஒவ்வொரு ஜீவனுக்கும் ஒரு தார்மீகச் சார்பு எழுதப்பட்டது: முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று, எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த விரிவான பதிப்பில் நன்மை–தீமையும் குறுக்கே சேர்ந்து ஒன்பது. எதிரியின் தீமை அவன் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும்போது அவன் பேச்சு வெறும் தகவல், சாட்சியம் ஆகாது. சாட்சியம் என்றால் கேட்பவனையும் அது தொடும் என்று அர்த்தம்.

*

பிடிபட்ட வில்லன் என்றதும் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இயாகோ நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. 'ஒதெல்லோ'வின் கடைசிக் காட்சியில், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்படுகிறபோது அவன் இனிப் பேசுவதில்லை என்று வாயை மூடிக்கொள்கிறான். சித்திரவதை பேச வைக்கும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். அது பேச வைத்ததா என்பதை ஷேக்ஸ்பியர் நமக்குக் காட்டவில்லை, நாடகம் முடிந்துவிடுகிறது. அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று நூற்றாண்டுகளாக விமர்சகர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டத்தின் கைதிக்கு இந்த வசதி இல்லை. பிரதி அவனைக் காப்பாற்றாது. திரை விழாது. கேட்பவன் மறுபடி கேட்பான், கத்தியை எடுப்பான், விரலைக் காட்டுவான். இதைவிட அடிப்படையான வித்தியாசம் வேறொன்று. இயாகோவுக்குள் ஏதோ இருக்கிறது என்று நாம் நம்பலாம். ஆட்டத்துக் கைதிக்குள், நடுவர் முடிவு செய்யும்வரை, ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவன் மறைக்கும் ரகசியம் கேள்வி கேட்கப்பட்ட அந்த நிமிஷத்தில் பிறப்பதாக இருக்கலாம். மறைப்பவனும் சிருஷ்டிப்பவனும் ஒரே வாயால் பேசுகிறார்கள். ஆட்டத்தின் அபாயமும் கௌரவமும் இதில்தான்.

இங்கே மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு என்ன தெரியும்? அவன் என்ன சொல்வான்? ஆட்டம் நகர என்ன தேவை? சௌகரியத்தை நாடுகிற நடுவர் மூன்றாவதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறார். அடுத்த வாரம் எல்லோரும் மலைக்கோட்டைக்குப் போக வேண்டும். ஆகவே கைதி மலைக்கோட்டை என்கிறான். ஆகவே அவனுக்கு அது தெரிந்திருந்தது. காரண காரியம் தலைகீழாகத் தொங்குகிறது. கைதி குழாயாகிறான் — நடுவரின் திட்டம் ஆடுபவர்களின் காதில் வந்து விழுவதற்கான குழாய்.

பகடை இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் மிரட்டுவது ஒரு திறமை, எதிராளியின் உள்நோக்கத்தை உணர்வது ஒரு திறமை. இரண்டுக்கும் எண்கள் உண்டு. நல்லது. ஆனால் பகடை 'சொல்வானா' என்பதற்குத்தான் பதில் தரும். 'எதை' என்பதற்குத் தராது. எண் விழுந்த பிறகும் நடுவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். தீர்ப்பைப் பகடையிடம் ஒப்படைத்தவர் தீர்ப்பின் வாசகத்தைத் தானே எழுத வேண்டியிருக்கிறது.

*

அந்த வாக்கியத்தின் விளைவு ஒரு கதைக்குள் அடங்குவதில்லை. நாவலில் ஒரு கைதி அடிபட்டு உண்மை சொன்னால் அது ஒரு சம்பவம். ஆட்டத்தில் அது முன்னுதாரணம். ஆடுபவர்கள் கெட்டவர்கள் அல்லர், பார்த்ததிலிருந்து கற்றுக்கொள்பவர்கள். முதல் கைதியை அடித்தார்கள், உண்மை வந்தது. இரண்டாமவனை அடித்தார்கள், உண்மை வந்தது. மூன்றாமவனிடம் பேசிப் பார்க்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? நடுவர் எந்தச் சொற்பொழிவும் செய்யாமலே அந்த உலகத்துக்கு ஒரு பௌதிக விதியை இயற்றிவிட்டார்: வலி கொடுத்தால் உண்மை வெளிவரும். புவியீர்ப்பு மாதிரி. அதற்குப் பிறகு அவர்களுடைய பாத்திரங்களின் கொடூரத்தைக் கண்டு அவர் முகம் சுளிப்பது நேர்மையாகாது.

இந்த விதி மனிதர்களைப் பற்றிய உண்மை அன்று. இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவர் 2001 இறுதியில் பிடிபட்டு எகிப்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே சித்திரவதைக்கு உள்ளாகி, ஈராக் அல்-கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி தந்தது என்று சொன்னார். அந்த வாக்கு 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் பவலின் உரைக்குள் நுழைந்தது. அடுத்த மாதம் போர். 2004-ல் அல்-லிபி தான் சொன்னதை மறுத்தார்: கேட்டவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அதைச் சொல்லியிருக்கிறார். 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க செனட் உளவுக் கமிட்டி அறிக்கையின் சுருக்கமும் சி.ஐ.ஏ.யின் கடும் விசாரணை முறைகள் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்றே முடிவு கூறியது. வலி வாயைத் திறக்கிறது; திறந்த வாயிலிருந்து கேட்பவனின் எதிர்பார்ப்பே திரும்பி வருகிறது.

எதிர்த் துருவத்தில் ஹான்ஸ் ஷார்ஃப். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படையின் விசாரணையாளர். பிடிபட்ட அமெரிக்க விமானிகளை ஓபருர்ஸல் முகாமில் விசாரித்தவர். கை ஓங்குவதில்லை. கூட நடந்தார், பேசினார், தனக்கு எல்லாம் ஏற்கனவே தெரியும் என்ற தோரணையைக் காட்டினார். கைதி, தான் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்ற நம்பிக்கையோடே அறைக்குத் திரும்பினான். ஷார்ஃபை மகாத்மா ஆக்க வேண்டியதில்லை. சிநேகத்தை ஆயுதமாக்குவதும் கேள்விக்கு உரியதுதான். ஆனால் அவர் எதிரில் இருப்பவனை மனிதன் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார் — பெருமை உள்ளவன், பேச ஆசைப்படுபவன், தவறைத் திருத்தாமல் இருக்க முடியாதவன். நடுவருக்கு இதில் பாடம் இருக்கிறது. கைதி தெரிந்து சொல்வதைவிடத் தெரியாமல் சொல்லிவிடுவது அதிக ஜீவன் உள்ளது. ஆடுபவன் ஒரு துறைமுகத்தின் பெயரைத் தப்பாகச் சொல்கிறான். கைதி தன்னை அறியாமல் லேசாகச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு ஒரு பதில்.

சட்டமும் இந்தப் பிரச்னையோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 1783-ல் லண்டனில் ஜேன் வாரிக்ஷால் என்ற பெண்மீது திருட்டுப் பொருளை வாங்கி வைத்ததாக வழக்கு. சலுகை காட்டுவதாக ஆசைகாட்டிப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் தள்ளப்பட்டது. ஆனால் அவள் சொன்னதை வைத்துத் தேடியபோது பொருள் அவள் படுக்கையில் அகப்பட்டதே, அது? அது சாட்சியமாக ஏற்கப்பட்டது. பொருள் அங்கே இருந்தது என்பது எப்படித் தெரிய வந்தாலும் உண்மைதானே என்பது தர்க்கம். 1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 27-ம் பிரிவில் நாம் அறிந்ததும் இந்தத் தர்க்கம்தான். 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. தர்க்கம் சுத்தமானது, அதன் நிழல் அவ்வளவு சுத்தமில்லை. பொருள் அகப்பட்டால் போதும் என்றால், எப்படிக் கேட்டோம் என்ற கேள்வி மங்கிப் போகிறது. ஆட்டத்துக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது பாதியைத்தான்: கைதியின் சொல் தானாகவே உண்மையாகி விடக்கூடாது. ஆடுபவர்கள் நடந்துபோய்ப் பார்த்துச் சரிபார்க்கும்படி அது இருக்க வேண்டும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் ஒரு பயணம் இருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் சந்தேகத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

மந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். மந்திரத்தை வகுத்தவர்களே இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் உண்மை வட்டம் ஒன்று உண்டு. அதற்கு வசப்பட்டவன் அதனுள் தெரிந்து பொய் சொல்ல முடியாது. ஆனால் மந்திரம் வேலை செய்வது அவனுக்குத் தெரியும். மழுப்பலாம், பேசாமலும் இருக்கலாம். செத்தவனோடு பேசும் மந்திரமும் உண்டு. ஐந்து கேள்விகள், உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே பிணத்துக்குத் தெரியும், எதிரியிடம் அது உண்மை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிணத்துக்குத் தரப்பட்ட இந்த உரிமை, உயிரோடு கட்டப்பட்டிருப்பவனுக்குப் பல மேஜைகளில் கிடைப்பதில்லை என்பது அபத்தம்.

*

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாலு பேர் வேலை முடிந்து வந்து ராத்திரி மூன்று மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கைதி சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும். தார்மீகத்தின் பெயரால் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆட்சேபம் நியாயமானது, ஆனால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். கதை ஒருவன் வாயை மட்டும் நம்பி நிற்கும்படி கட்டியவர் நடுவர். ஆடுபவர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களாவது வை என்பது நடுவர்களிடையே இன்று நன்றாகப் பழகிப்போன அறிவுரை. ராபின் லாஸ் 'எஸோடெரரிஸ்ட்ஸ்' என்ற ஆட்டத்தில் இன்னும் ஒரு படி போனார்: அத்தியாவசியமான தடயம் பகடையைச் சார்ந்திருக்கக் கூடாது, சரியான இடத்தில் தேடினால் கிடைத்தே தீர வேண்டும். இவையெல்லாம் ஆட்டம் தடைப்படாமல் இருக்கக் கண்ட உபாயங்கள். ஆனால் இவற்றுக்கு, கண்டவர்கள் உத்தேசித்தார்களோ என்னவோ, ஒரு தார்மீகப் பலன் இருக்கிறது. மலைக்கோட்டைக்குப் போகும் வழி ஒரு கடிதத்திலும், ஒரு வண்டிக்காரனின் ஞாபகத்திலும், செருப்பில் ஒட்டிய சிவப்பு மண்ணிலும் இருக்குமானால், கைதி அதைச் சொல்லியாக வேண்டிய அவசியம் இல்லை. அவன் வாயை நம்பி ஆட்டம் இல்லை என்றான பிறகுதான் அவனுக்குப் பேசாதிருக்கும் சுதந்திரம் வருகிறது. அது வந்த பிறகே அவன் பேசுவதற்கும் அர்த்தம் வருகிறது. அதுவரை நடுவரும் விசாரணைக்காரனும் ஒரே காரியத்தையே செய்துகொண்டிருந்தார்கள்: இருவருக்கும் அவன் செய்தி அடைத்த பாத்திரம்.

காகிதத்தில் உள்ளவனுக்கு என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். அவனுக்கு வலி இல்லை என்பது சரிதான். பணயத்தில் இருப்பது அவன் வலி அல்ல. கேட்பவர்களின் பழக்கம், கேட்கப்படுகிறவரின் பழக்கம். ஒரு மனிதனை எப்படிக் கற்பனை செய்கிறோம் என்பது கற்பனையோடு நின்றுவிடுவதில்லை என்று நம்பாதவர்கள் ஏன் எழுதுகிறோம், ஏன் படிக்கிறோம்?

உதாரணத்துக்கு ஒரு கைதியை வைத்துப் பார்ப்போம். துறைமுக நகரம் ஒன்றில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். கடத்தும் கூட்டத்தின் கணக்கன் பிடிபடுகிறான். நடுவர் அவனைப் பற்றி முன்கூட்டியே நாலு வரி எழுதி வைக்கலாம். அவனுக்குத் தெரிந்தது: கப்பல் புறப்பட்ட தேதிகள், தலைகளின் எண்ணிக்கை, வந்த பணம். தெரியாதது: எஜமானின் முகம். தவறாக நம்புவது: பிள்ளைகள் எங்கோ ஒரு மடத்தில் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது. அவனுடைய ஆசை: தன் பேரேட்டில் ஒரு காசுகூடப் பிசகவில்லை என்பதை யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நாலாவது வரிதான் அவனைப் பேச வைக்கும். அவனை அடித்தால் ஏதோ ஓர் எஜமானின் பெயரைச் சொல்வான். அது கற்பனைப் பெயராக இருக்கும். கணக்கில் ஒரு தப்பு இருக்கிறதே என்று பேரேட்டைக் காட்டினால், தப்பில்லை என்று நிரூபிக்கிற ஆவேசத்தில், ஒரு வரவு இந்த நால்வரையும் கூலிக்கு அமர்த்திய அதே கோயிலிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுவான். இப்போது அவன் தந்தது தகவல் மட்டுமல்ல. கேட்டவர்களின் கைக்கூலியும் அந்தப் பேரேட்டில் இருக்கிறது. நான் முன்னால் சாட்சியம் என்றது இதைத்தான்.

முன்கூட்டியே எழுதுவது ஏன் முக்கியம்? கைதி பொய் சொல்லலாம். நடுவர் சொல்லக் கூடாது. இருவருக்கும் ஒரே வாய் என்பதால் இந்த எல்லையை நடுவர் தனக்குள் கறாராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வின்சென்ட் பேக்கர் 2010-ல் வெளியிட்ட 'அபோகாலிப்ஸ் வேர்ல்ட்' ஆட்டத்தில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. எதிராளியை ஊன்றிக் கவனிப்பதாக ஆடுபவன் சொல்லிப் பகடையில் ஜெயித்தால், "உன் பாத்திரம் உண்மை சொல்கிறதா?" என்று, அந்தப் பாத்திரத்தை ஆடுபவரிடமே கேட்கலாம். பாத்திரம் பொய்யனாக இருக்கலாம். அதை ஆடுபவர் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். விதி எழுதப்படாத ஆட்டங்களிலும் இந்தப் பிரிவினை தேவை. கணக்கன் சொன்ன பெயர் பொய் என்று முடிவு செய்த பிறகு, அதை நம்பி எல்லோரும் உற்சாகமாகக் கிளம்புவதைப் பார்த்து, சரி உண்மையாகவே இருக்கட்டும் என்று நடுவர் மனம் மாறினால், சந்தேகப்பட்டவனின் புத்தியும் நம்பியவனின் அசட்டுத்தனமும் ஒரே விலைக்குப் போகின்றன. அந்த உலகத்தில் உண்மை என்று ஒன்று இல்லாமல் போகிறது; நடுவரின் தயவு மட்டும் மிஞ்சுகிறது.

கடைசியாக ஒரு விஷயம். கைதி என்ன சொல்கிறான் என்பதிலேயே எல்லோர் கவனமும் இருக்கிறது. சொல்லி முடித்த பிறகு அவன் என்ன ஆகிறான் என்பது அநேகமாகப் பேசப்படுவதில்லை. "சொன்னால் விட்டுவிடுகிறோம்" என்று ஒருவன் வாக்குக் கொடுத்திருப்பான். நான் கொடுக்கவில்லையே என்று இன்னொருவன் வாளை உருவுவான். பெட்டி காலியாகிவிட்டது, இனி அதைத் தூக்கிக்கொண்டு திரிவது யார்? கேள்வி கேட்டவர்கள் தங்களுக்கு எதிரில் யார் உட்கார்ந்திருப்பதாக நினைத்தார்கள் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். நடுவர் அவசரப்பட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடக் கூடாது. தீர்ப்பும் சொல்ல வேண்டாம். கணக்கன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டும் நினைவுபடுத்தலாம். அவன் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறான் என்று சொல்லலாம். பிறகு யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.